மூன்றில் ஒன்று மட்டுமே கருகியிருந்தது

சுந்தரேசன் அவர்களே, நம் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரை எரித்தவர் நீங்கள். பம்ப் ஆபரேட்டர் சித்தராஜு அல்ல.

பொங்கல் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "அங்கிள், உங்க வேலை அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்றார்கள். ஜாலியாக எழுதும் நிலையில் நான் இல்லை. சங்கத்தின் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு நீங்கள் ஒட்டிய அறிவிப்பு லிஃப்டுக்குள் என் மூக்குக்கு நேராக இருக்கிறது. கீழே நிலத்தடித் தொட்டியான சம்ப் காலியாக இருந்தபோது ஆபரேட்டர் மோட்டாரை ஓடவிட்டுத் தூங்கிவிட்டார், அதனால் மோட்டார் எரிந்தது, மாதக் கடைசியோடு அவர் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார் என்று அதில் இருக்கிறது. வேலை போனால் பம்ப் அறையை ஒட்டி அவர் மனைவி மகளோடு இருக்கும் அந்த ஒற்றை அறையும் போய்விடும். பெங்களூரில், நம் பொம்மனஹள்ளியில் இன்றைக்கு ஓர் அறை தேடிப் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

ஆகவே கேட்டபடி அனுபவத்தையே எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும்போது ஒரு மோட்டார் எதனால் எரியும், எதனால் எரியாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஐடிஐ முடித்தேன், சுருள் கட்டும் வைண்டிங் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன், சில வருடங்கள் விரல் முழுக்க வார்னிஷ் வாசனையோடு சோறு தின்றேன். பிறகு சர்வீஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தேன். மோட்டார் கெட்டுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்ப்பது, புது மோட்டார் வேண்டும் என்று யாராவது வந்தால் எது பொருந்தும் என்று சொல்வது. இரண்டே வேலைதான். இரண்டிலும் மனிதர்களோடுதான் தொல்லை, மோட்டாரோடு தொல்லை கிடையாது.

மூன்று ஃபேஸ் மோட்டாரைப் போல ஒரு நல்ல பிறவியை நான் பார்த்ததில்லை. வெளியே அசையாமல் நிற்கும் இரும்பு உருளையின் உட்புறம் முழுக்கக் காடிகள் வெட்டியிருக்கும். அந்தக் காடிகளில் மூன்று தொகுதிகளாகச் செம்புக் கம்பிச் சுருள்களைப் பதித்திருப்பார்கள். மின்சாரம் மூன்று லைன்களில் வருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. ஒன்று ஏறி இறங்கும்போது அடுத்தது ஏறும், அது இறங்கும்போது மூன்றாவது ஏறும். அதனால் உள்ளே காந்த இழுப்பு ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமாகச் சுற்றி வருகிறது. சுருளில் எதுவும் அசையவில்லை. இழுப்பு மட்டும் சுற்றுகிறது.

நடுவில் சுழலும் ரோட்டாருக்கு ஒரு கம்பியும் போவதில்லை. இரும்புக்குள் அலுமினியப் பட்டைகள், இரண்டு முனையிலும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி, அவ்வளவுதான். வெளியே இழுப்பு சுற்றும்போது அந்தப் பட்டைகளில் தானாக மின்னோட்டம் பிறக்கிறது. அந்த ஓட்டத்தால் ரோட்டாரும் காந்தமாகி, சுற்றும் இழுப்பைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஆனால் ஒருபோதும் அதைப் பிடிக்காது. பிடித்துவிட்டால் பட்டைகளில் ஓட்டம் பிறக்காது, ஓட்டம் இல்லையென்றால் இழுவிசையும் இல்லை. அதனால்தான் வெளியே இழுப்பு நிமிடத்துக்கு 1500 முறை சுற்றினாலும் மோட்டாரின் தகட்டில் 1440 என்று அடித்திருக்கும். கொஞ்சம் பின்தங்கியிருப்பதுதான் அதன் பிழைப்பு. பாரம் கூடினால் இன்னும் கொஞ்சம் பின்தங்கும், இன்னும் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொள்ளும், வேலையை முடிக்கும். கரி பிரஷ் கிடையாது, தேய்வதற்கு பேரிங்கைத் தவிர எதுவும் கிடையாது.

அதன் நல்ல குணமே அதற்கு ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றில் ஒரு லைன் போய்விட்டால் அது நிற்காது. மூன்று பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்ற இருவரும் கீழே போடமாட்டார்கள் இல்லையா, முதுகு பிடித்துக்கொள்ளும்வரை சுமப்பார்கள். அப்படித்தான். உறுமிக்கொண்டே ஓடும், சூடாகும், கருகும். இது நடக்காமல் இருக்கத்தான் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைக்கிறோம். ஒரு லைன் போனாலோ, மூன்றும் சமமாக இல்லாவிட்டாலோ அது மோட்டாரை நிறுத்திவிடும். அதற்கு பிரிவென்டர் என்று பெயர். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

எனக்கு மேலதிகாரியாக வந்த யசோதா மேடம் வயதில் என்னைவிடச் சிறியவர். மைசூர்க்காரர், தமிழில் பாதி கன்னடம் கலந்து பேசுவார். எங்கே போனாலும் அவர் முதலில் டூல்ஸைத் தொடமாட்டார். ஒரு வாளி கொடுங்கள் என்பார். அதைக் கவிழ்த்துப் போட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். மோட்டார் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பித்து நன்றாகச் சூடாகும்வரை அங்கேயே இருப்பார். முதலாளிகள் பதறிப்போய் நாற்காலி கொண்டுவருவார்கள்.

"நாற்காலி பேடா சார், வேணாம். அது ஒசரம். எனக்கு மோட்டார் காது மட்டத்துல இருக்கணும்."

"மேடம், காபியாவது..."

"குடுங்க, இங்கேயே குடிக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் இதோட வேலையைப் பாக்கறேன்."

முதலில் எனக்கு இது பெரிய நாடகமாகத் தெரிந்தது. அவரிடமே சொன்னேன். "தேவராஜ், உங்களுக்கு போர் அடிச்சா வெளியே போய் பீடி குடிங்க" என்றார். நான் பீடி குடிப்பதில்லை. அவருக்கும் அது தெரியும்.

மோட்டார் தேர்ந்தெடுப்பதில் அவர் பிடிவாதம் இன்னும் மோசம். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜோசப் என்று ஒரு கல்யாணச் சமையல் காண்டிராக்டர் வந்தார். மசாலா அரைக்கும் மில்லுக்குப் பத்து ஹெச்பி மோட்டார் வேண்டும் என்றார்.

"ஹெச்பி நான் சொல்றேன் சார். நீங்க வேலையைச் சொல்லுங்க. என்ன அரைப்பீங்க?"

"மிளகா, தனியா, மஞ்சள். எல்லாம்தான்."

"மில்லு செஞ்சவரு எவ்வளவு ஹெச்பி போதும்னாரு?"

"மூணு போதும், எதுக்கும் அஞ்சு போட்டுக்கோன்னாரு. எலக்ட்ரீஷியன் எதுக்கும் ஏழரை போட்டுக்கோன்னான்."

"அப்புறம் பத்து யாரு சொன்னது?"

ஜோசப் கொஞ்சம் தயங்கினார். "பின்னாடித் தெருவுல இன்னொரு கேட்டரர் இருக்கான் மேடம். அவன் ஏழரை வச்சிருக்கான். நான் அவனுக்குச் சமமாவா வைக்கறது?"

"மோட்டார் என்ன சார், உங்க வீட்டு மாப்பிள்ளையா, அந்தஸ்து பாத்து எடுக்க?"

ஜோசப் வயிறு குலுங்கச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. மிளகாயை மொத்தமாகக் கொட்டிவிட்டுத்தான் ஸ்விட்ச் போடுவீர்களா, ஓடவிட்டுப் பிறகு கொட்டுவீர்களா என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை நிறுத்தி எடுப்பீர்கள், அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவீர்களா, சாயங்காலம் அங்கே வோல்டேஜ் எவ்வளவு இறங்கும், பெல்ட்டா நேரடி இணைப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், வேலைக்கு மூன்று போதும், ஆனால் பாரத்தோடு ஸ்டார்ட் செய்கிறீர்கள், அதனால் ஐந்து, தூள் பறக்கும் இடம் என்பதால் முழுக்க மூடிய உடல் கொண்ட மோட்டார் என்று முடித்தார்.

மோட்டார் வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். எதை இழுக்கப் போகிறது, எப்படி ஸ்டார்ட் ஆகப் போகிறது, எங்கே உட்காரப் போகிறது என்ற மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு ஹெச்பியைப் பற்றிப் பேசுங்கள். ஆளுக்கு ஒரு 'எதுக்கும்' சேர்த்தால் மூன்று பத்தாகிவிடும். அந்தப் பத்து, பாதிப் பாரம்கூட இல்லாமல் சும்மா மின்சாரம் இழுத்துக்கொண்டு கிடக்கும். அதற்குத் தகுந்த கேபிளும் ஸ்டார்ட்டரும் தனி. பெரியது வாங்கினால் எரியாது என்பது பொய். அதை எனக்கு நிரூபித்தது அடுகோடி லாண்டரி.

ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டுகளைத் துவைத்துக் கொடுக்கும் லாண்டரி அது. முதலாளி பலராமன், பல தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழர். துவைத்த துணியைச் சுழற்றிப் பிழியும் இயந்திரத்தை ராணி என்ற பெண் ஓட்டினார். அதன் மோட்டார் திரும்பத் திரும்ப எரிந்தது. பக்கத்து ரீவைண்டிங் கடையில் புதிதாகச் சுருள் கட்டி மாட்டுவார்கள், கொஞ்ச காலம் ஓடும், மறுபடி எரியும். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும் என்று ராணி அளவுக்கு மேல் துணியைத் திணிக்கிறார் என்பது பலராமன் கட்சி. இன்னொரு தடவை எரிந்தால் வராதே என்று சொல்லிவிட்டார். ராணியின் புருஷன் கட்டட வேலையில் விழுந்து படுத்திருந்தார். அந்த வீட்டில் சம்பாதித்தது ராணி ஒருவர்தான்.

அந்த இன்னொரு தடவையும் வந்தது. எங்களைக் கூப்பிட்டார்கள். மேடம் ரீவைண்டிங் கடைக்கு முதலில் போன் செய்து, பழைய சுருளைப் பிடுங்காதீர்கள், துடைக்கவும் துடைக்காதீர்கள் என்றார்.

எரிந்த சுருளை வாசிப்பது எங்கள் தொழிலில் முக்கியமான பாடம். வட்டம் முழுக்க எல்லாச் சுருளும் ஒரே சீராகக் கருகியிருந்தால், அளவுக்கு மீறிய வேலை அல்லது போதாத காற்று. ஒரே ஒரு இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால், அங்கே கம்பியின் பூச்சு உரிந்திருக்கலாம், ஈரம் இறங்கியிருக்கலாம். மூன்று தொகுதிகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் சம இடைவெளியில் கறுத்து, மீதி புதிதாக மின்னினால், ஒரு லைன் போயிருக்கிறது. இதைக் கண் பார்த்தால் போதும். வேறு விளக்கம் கிடையாது.

லாண்டரி மோட்டாரில் எல்லாம் சீராகக் கருகியிருந்தது. பலராமன் முகத்தில் வெற்றி தெரிந்தது. "பாத்தீங்களா மேடம், ஓவர்லோடு. நான்தான் சொன்னேனே."

"இல்லேன்னா காத்து. ஸ்வல்ப இருங்க" என்றார் மேடம்.

சுருள் கட்டி மறுபடி மாட்டிய அன்று மேடம் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். ராணியிடம் வழக்கம்போல வேலை செய் என்றார். ராணி பயந்துபோய்ப் பாதித் துணி போட்டார். "ஏம்மா, தினமும் இப்படியா போடுவே? முதலாளி திட்டற மாதிரியே போடு" என்றார் மேடம். ராணி நிறையப் போட்டார். நான் டாங் டெஸ்டரைக் கம்பியில் மாட்டி ஓட்டத்தை அளந்தேன். மூன்று லைனிலும் சமம், அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் உடல் சூடு ஏறிக்கொண்டே போனது. புறங்கையை வைத்த மேடம் சட்டென்று எடுத்துக்கொண்டார். கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து மோட்டாரின் பின்பக்கம் விசிறி மூடியின் வலையில் வைத்தார். உள்ளே விசிறி காற்றை இழுத்தால் அந்தக் காகிதம் வலையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

மோட்டாரை நிறுத்தி அந்த மூடியைக் கழற்றினோம். பச்சை, நீலம், சிவப்பு, மறுபடி நீலம் என்று வலை முழுக்கப் பெயிண்ட், இடையிடையே பஞ்சு. பலராமன் வாங்கிய முதல் இயந்திரம் அது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்கு மட்டும் தன் கையாலேயே பெயிண்ட் அடிப்பார், பொட்டு வைப்பார், மாலை போடுவார். லாண்டரியில் எப்போதும் பஞ்சு பறக்கும். காயாத பெயிண்டில் பஞ்சு ஒட்டும். அடுத்த வருடம் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. ஒவ்வொரு முறை எரிந்தபோதும் மோட்டார் மட்டும் கடைக்குப் போனது. மூடி இங்கேயே ஆணியில் தொங்கியது. ரீவைண்டிங் கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை.

மேடம் அந்த மூடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "சார், இது வழியா என்னைப் பாருங்க."

"ஒண்ணும் தெரியலையே."

"அதான் சார். மூச்சு விட முடியலை அதுக்கு."

பத்து ஹெச்பி போட்டுவிடலாமா என்று பலராமன் மெதுவாகக் கேட்டார். அதற்கும் இதே மூடியைத்தானே சார் கலர் பூசுவீர்கள் என்றார் மேடம். ஹெச்பி அதேதான். ஈரத் துணி நிறைந்த கூடை வேகம் பிடிக்க நேரமாகும் என்பதால் அப்படி நீண்ட நேரம் ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் வகையில், சுருளுக்குள்ளேயே சூட்டை உணர்ந்து நிறுத்தும் உறுப்பு வைத்த மோட்டாரைக் கொடுத்தோம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பலராமன் உள்ளே வந்தார். நானும் மேடமும் அங்கேதான் இருந்தோம். "எல்லாரும் கேட்டுக்கோங்க. மோட்டார் எரிஞ்சதுக்கு ராணி காரணம் இல்ல. நான்தான் பெயிண்ட் அடிச்சு அடைச்சுட்டேன். ராணி மேல நான் சொன்னதெல்லாம் தப்பு" என்றார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

ராணி கேட்டார். "அப்ப அடுத்த பூஜைக்கு என்ன கலரு சார்?"

பலராமன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவர் அந்தப் பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வாய் சித்ரான்னம் வாங்கிச் சாப்பிட்டார். அந்த மனிதரை எனக்கு அன்றுமுதல் பிடிக்கும். அவரால் ஒரு வேலைக்காரிக்கு மானம் போயிருந்தது. யார் முன்னால் போனதோ அவர்கள் முன்னாலேயே திருப்பிக் கொடுத்தார். தனியாக அறைக்குள் கூப்பிட்டு, சரி விடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது நம் மோட்டாருக்கு வருகிறேன்.

எரிந்த மறுநாள் ஓசூர் ரோட்டு ரீவைண்டிங் கடைக்கு நான் போனேன். பிடுங்குவதற்கு முன்னால் பார்த்தேன், போனில் படமும் எடுத்தேன். மூன்று தொகுதிகளில் ஒன்று மட்டும் சம இடைவெளியில் கரியாகியிருந்தது. மற்ற இரண்டும் நேற்றுக் கட்டிய செம்பு மாதிரி மின்னின. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்புக்குத் தூக்குவதற்கு எதுவும் இல்லை. மோட்டாருக்குப் பாரம் குறையும், கூடாது. கெடுவது பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல்தான். அந்த சீலையும் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சம்ப் காலி என்று நீங்கள் எழுதியது நடக்கவே இல்லை.

நடந்தது எது என்பதை நானே என் காதால் கேட்டேன். அந்த வாரம் முழுக்க பிரிவென்டர் மோட்டாரை நிறுத்திக்கொண்டே இருந்தது. மேல்மாடிகளில் தண்ணீர் இல்லை என்று வாட்ஸ்அப்பில் உங்களை எல்லோரும் வறுத்தெடுத்தார்கள். ஒரு நாள் காலையில் நான் நடந்துவிட்டு வரும்போது பம்ப் அறைக் கதவு திறந்திருந்தது. நீங்களும் சித்தராஜுவும் உள்ளே இருந்தீர்கள்.

"சார், இது சும்னே ட்ரிப் ஆகல, காரணம் இருக்கு. லைன்மேனைக் கூப்பிடணும்."

"லைன்மேன் எப்ப வந்து எப்பப் பாக்கறது? அந்த டப்பாவை எடுத்துடுப்பா. நேரா குடு."

"சார், பேடா சார்..."

"மாடியில ஜனங்க குளிக்க வேணாமா? நான் சொல்றேன், எடு."

வாசலில் நின்று நானும் சொன்னேன், ஒரு லைன் எங்கோ தளர்ந்திருக்கிறது, அந்தப் பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது, எடுக்காதீர்கள் என்று. நீங்கள் சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்தீர்கள். "அங்கிள், ரிடையர் ஆயிட்டீங்க. ரெஸ்ட் எடுங்க" என்றீர்கள். பெட்டியை எடுத்த பிறகுதான் மோட்டார் எரிந்தது.

இதையெல்லாம் ஏன் நீ சொல்லவில்லை என்று சித்தராஜுவிடம் பிறகு கேட்டேன். "ஜகளா, சண்டை எதுக்கு சார். அவரு நல்லவருதான். என் பொண்ணுக்கு ஸ்கூல் சீட்டு அவருதான் பேசி வாங்கிக் குடுத்தாரு" என்றார். துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. நீங்கள் கெட்டவர் இல்லை. தண்ணீர் இல்லாத கோடையில் டேங்கர் லாரிக்காக ரோட்டில் நின்று வெயிலில் கறுத்தவர் நீங்கள். நடமாட முடியாத கிழவர்களுக்குக் குடம் தூக்கியவர் நீங்கள். அன்றைக்கு அந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னதும் ஜனங்கள் குளிக்க வேண்டும் என்றுதான். அதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அறிவிப்பை ஒட்டினீர்களே, அதற்குத்தான் கோபம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. கணக்கு வாசிப்பீர்கள், புது மோட்டார் வாங்கியதைச் சொல்வீர்கள், கைதட்டல் இருக்கும். சித்தராஜு வழக்கம்போலப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார். அவரை முன்வரிசைக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். போன் படங்களோடு நான் அங்கே இருப்பேன், ஆனால் நான் பேசப் போவதில்லை. நீங்கள்தான் பேச வேண்டும். மைக்கைப் பிடித்து, எல்லா மாடிக்காரர்களும் கேட்க, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: பிரிவென்டரை எடுக்கச் சொன்னது யார்?